அறுபத்துமூன்றாம் கேள்வி

ஆரணி கொசப்பாளையத்தில் பாவு பிணைக்க வேண்டுமென்றால் கமலத்தைத்தான் கூப்பிடுவார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் பழைய இழைகளின் நுனியை, அவை கோத்திருக்கும் அச்சிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரத்துக்கும் மேலே இருக்கும். கமலம் விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் பேச்சு ஒரு பக்கம் ஓடும், விரல் ஒரு பக்கம் ஓடும். நடுவில் ஒரே ஒரு இழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்துவிட்டால் போச்சு. அங்கிருந்து கடைசி வரைக்கும் எல்லா இழையும் ஒவ்வொன்று தள்ளி நிற்கும். பதினெட்டு வருஷத்தில் அவள் கையில் அப்படி நடந்தது ஒரே தரம், அதுவும் மகள் வயிற்றில் இருந்தபோது.

அந்த மகளுக்கு அபிதகுசாம்பாள் என்று பெயர். முழுப்பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்தரோடு சரி. வீட்டில் அபிதா. 1985-ஆம் வருஷம் பங்குனியில் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் அப்பா பச்சையப்பன் தறியில் உட்கார்ந்தபடியே, "படிக்கட்டும், நாம இன்னா வாணாம்னா சொல்றோம்" என்பார். அதற்கு மேல் அவருக்கு அதில் சொல்ல ஒன்றும் தெரியாது.

கடைசிப் பரீட்சை அன்று விலங்கியல் வாத்தியார் மாணிக்கவேல் கமலத்தைப் பள்ளிக்கூடத்துக்கே வரச் சொல்லியிருந்தார்.

"மார்க்கு மட்டும் போதாதும்மா. போன வருஷத்துலேருந்து நுழைவுத் தேர்வுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில் குடுத்திருப்பான். சரியானத மட்டும் குறிக்கணும். நானே அந்தப் பேப்பரக் கண்ணால பாத்ததில்ல. மெட்ராஸ்ல ஒரு கைடு போட்டிருக்காங்களாம். அத்த எப்படியாவது வாங்கிக் குடுங்க. இன்னும் ஆறு வாரந்தான் கீது."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த புத்தகக் கடையில் கமலம் சொல்லிவைத்தாள். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனபோது கடைக்காரர் கையைப் பிசைந்தார். ஒரே ஒரு பிரதிதான் வந்திருந்தது. அதைக் கேட்டு ஏற்கெனவே ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கரிசல் வெடித்த மாதிரி குதிகால். தேசூர்க்காரர், சடையப்பன். அவர் மகள் தனக்கோடியும் அதே பரீட்சைதான் எழுதுகிறாளாம்.

"இன்னொண்ணு எப்ப வரும்?" என்று கேட்டாள் கமலம்.

"மெட்ராஸ்லயே தீந்துபோச்சாம்மா. இனிமே அடிச்சி வர்றதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்."

சடையப்பன் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தப்புச் செய்தவர் போலத் தலை குனிந்தார். "நானும் பத்து நாளா நடந்துகினு கீறேம்மா."

கமலம் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். முதுகுப் பக்கம் நூல் தையல் எப்படி ஓடுகிறதென்று விரலால் தடவினாள்.

"இத்த ரெண்டாப் பிரிச்சிடலாம் அண்ணே. இன்னாத்துக்கு ஒருத்தர் வெறுங்கையோட போவணும்?"

"புஸ்தகத்தயா?"

"அறுக்கறது எங்க வேலதானே. ஒரு எழுத்து சேதமில்லாம அறுத்துத் தரேன். ஒரு வாரம் உங்க பொண்ணு ஒரு பாதி படிக்கட்டும், எம் பொண்ணு ஒரு பாதி. ஞாயித்துக்கெழம மாத்திக்கலாம். நடுவுல பெரணமல்லூர் கீது இல்ல, அங்க வாங்க. நானும் வரேன்."

கடைக்காரர் ஒரு பிளேடு கொடுத்தார். கமலம் தையல் நூலை மட்டும் எண்ணி அறுத்தாள். முதல் பாதியில் பௌதிகமும் ரசாயனமும். இரண்டாம் பாதியில் உயிரியல். கடைசியில் எல்லாப் பாடத்துக்கும் விடைகள் ஏழெட்டுப் பக்கம் தனியாக இருந்தன. அதை என்ன செய்வதென்றுதான் குழப்பம். சடையப்பன் சொன்னார், "எம் பொண்ணு எழுத்து முத்து முத்தா இருக்கும். விடையெல்லாம் அவ பாத்து எழுதி உங்களுக்கு ஒரு காப்பி குடுத்துடுவா." விலையை ஆளுக்குப் பாதி போட்டார்கள். விடைப் பக்கங்களும் முதல் பாதியும் தேசூருக்குப் போயின. இரண்டாம் பாதி கமலத்தின் கூடையில் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரணமல்லூர் டீக்கடை வாசலில் சடையப்பன் கோடு போட்ட நோட்டுத் தாள்களில் விடைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். வரிக்கு ஒரு எண், எண்ணுக்கு எதிரே ஒரு எழுத்து. அவர் சொன்னதில் மிகையில்லை. கையெழுத்து முத்துத்தான்.

கமலத்துக்கு ஒரு வேலை வாய்த்தது. அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் விடையைத் தானே பார்த்தால் கை கள்ளத்தனம் பண்ணும் என்று அபிதா சொன்னதால், விடைத்தாள் அம்மாவிடம் போயிற்று. நாலே எழுத்து. ஏ, பி, சி, டி. பியும் டியும் முதலில் அவளைப் பேஜார் பண்ணின. பி என்றால் முன்னால் வயிறு தள்ளிய பிள்ளைத்தாய்ச்சி, டி என்றால் முதுகில் மூட்டை சுமக்கிறவள் என்று வைத்துக்கொண்டாள். அப்புறம் தடுமாறவில்லை.

விடிந்ததும் கமலம் அடுப்பில் களி கிண்டுவாள். அபிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் பதில்களைச் சொல்லிக்கொண்டே போவாள்.

"நாப்பத்தொண்ணு, சி."

"சரி."

"நாப்பத்திரெண்டு, ஏ."

"மூட்ட சொமக்கறவ."

"டியா? ஐயோ, தெரிஞ்சே விட்டுட்டேன்."

தறியிலிருந்து பச்சையப்பன் கேட்பார், "எவ்ளோ தேறுச்சி?" நூற்றுக்கு எண்பத்தைந்து, எண்பத்தெட்டு என்று உயிரியலில் ஏறிக்கொண்டே போயிற்று. அவரும் மிதியை அழுத்தி மிதிப்பார்.

புத்தகம் மாறியது. பௌதிகம், ரசாயனம் ஆரணிக்கு வந்தது. பௌதிகம் பரவாயில்லாமல் போயிற்று. பிரச்சினை ரசாயனத்தில்தான் வந்தது. நூற்றைம்பது கேள்வி. அறுபது வரைக்கும் கமலம் "சரி, சரி" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு வரிசையாகத் தப்பு. நாலுக்கு ஒன்று கூடத் தேறவில்லை. நூறு வந்ததும் அபிதா நோட்டை மூடினாள்.

"போதும்மா. எனக்கு ஒண்ணும் தெரியல."

"நடுவுல நிறுத்தாத, மிச்சத்தச் சொல்லு."

"இன்னாத்தச் சொல்றது? சுலபமான கேள்வியெல்லாம் தப்புங்கறான். ரெண்டு வருஷம் படிச்சதே தப்புன்னா நான் எப்படிப் போய் எழுதறது? நைனா சொன்னாப்ல டீச்சர் டிரெய்னிங் போறேன்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் பச்சையப்பன். அபிதா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்விட்டாள். அன்று முழுதும் புத்தகத்தைத் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை.

சித்திரை வெயில் ஓட்டைச் சுட்டு வீட்டுக்குள் இறங்கியது. மூன்றாம் நாள் காலை மகள் தூங்கிக்கொண்டிருக்கையில், கமலம் அவள் நோட்டை எடுத்து விடைத்தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியாது. பதில் என்னவென்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது எழுத்துகளின் வரிசை மட்டும். மகள் நோட்டில் ஓர் இடத்தில் ஏ, ஏ, டி, பி, டி என்று இறங்கியது. விடைத்தாளிலும் அதே ஏ, ஏ, டி, பி, டி. ஆனால் ஒரு வரி மேலே.

அவள் விரல் நின்றது. விடைத்தாளை மெல்ல ஒரு வரி கீழே இறக்கினாள். அறுபத்துமூன்றிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். சரி, சரி, சரி, ஒரு தப்பு, மறுபடி சரி. விடைத்தாளின் கடைசி வரிக்குப் போனாள். நூற்றுநாற்பத்தொன்பது. நூற்றைம்பதுக்கு விடையே இல்லை.

"இன்னாங்க, இங்க வாங்க. ஒரு இழ விட்டுப்போச்சி."

பச்சையப்பன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அறுபத்திமூணுல விட்டுட்டு அடுத்தத எடுத்துப் பிணைச்சிருக்காங்க" என்றார். அபிதாவை எழுப்பினார்கள். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தாள்களைப் பார்த்தாள். எண்ணினாள். நூறில் தொண்ணூற்றொன்று சரி. முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கிற்று.

"அவ வேணும்னே பண்ணியிருக்காம்மா."

"யாரு?"

"தனக்கோடிதான். உயிரியல்ல ஒரு தப்புமில்ல, இதுல மட்டும் எப்படி விட்டுப்போவும்? அவளும் இதே சீட்டுக்குத்தானே எழுதறா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டா."

பச்சையப்பனும் யோசித்தார். "இருந்தாலும் இருக்கும். முன்பின் தெரியாதவங்க."

கமலம் எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். பழையதை வாயில் போட்டுக்கொண்டு வேறு புடைவை மாற்றினாள். அன்று பொன்னம்மாள் வீட்டில் அவளுக்காக ஒரு முகூர்த்தப் புடைவைப் பாவு காத்திருந்தது.

"எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டார் பச்சையப்பன்.

"தேசூருக்கு."

"சண்ட போடவா?"

"அந்தப் பொண்ணும் இதே பாடத்தப் போன வாரம் படிச்சிருக்கா இல்ல? அச்சடிச்ச காகிதமே தப்பா இருந்தா அவளும் இவள மாதிரி நோட்டத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்திருப்பா."

"வேணும்னே பண்ணியிருந்தா?"

"பண்ணியிருந்தா அதயும் பாத்துட்டு வரேன். பொன்னம்மா கேட்டா, ராத்திரிக்குள்ள வந்து உக்காருவேன்னு சொல்லுங்க."

அபிதா வாசல் வரைக்கும் வந்தாள். "இன்னும் மூணு வாரந்தாம்மா கீது. ஞாயித்துக்கெழம நைனாவாண்ட சொல்லி அனுப்பினா ஆவாதா?"

"நாலு நாளு அவளுக்குப் போயிடும்" என்றாள் கமலம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஜல்தியாக நடந்தாள்.

பெரணமல்லூரில் இறங்கி வேறு பஸ் பிடித்து தேசூர் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. விசாரித்துக்கொண்டு சடையப்பனின் நிலத்துக்கே, கொல்லிக்கே போனாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய செடிகளைப் பூவரச மரத்தடியில் குவித்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஈர மண்வாடையும் பச்சைக் காயின் பால்வாடையும் காற்றில் இருந்தன.

சடையப்பன் அவளைக் கண்டதும் பதறி ஓடி வந்தார். "இன்னாம்மா, இவ்ளோ தூரம்? பொண்ணுக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல அண்ணே. தனக்கோடி எங்க?"

அவர் மரத்தடியைக் காட்டினார். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வளர்ந்து ஒல்லியான ஒரு பெண் கையில் செடியோடு எழுந்து நின்றாள். விரலெல்லாம் செம்மண்.

"படிக்கலியாம்மா?"

பெண் தலை குனிந்தாள். சடையப்பன்தான் சொன்னார். "வேணாம்னுட்டா. ரசாயனத்துல பாதிகூட வரலியாம். அஞ்சு நாளா புஸ்தகத்தத் தொடல. ஆளு வெக்கற கூலியாவது மிச்சமாவட்டும், நானும் ஆயறேன்னு வந்து உக்காந்துட்டா. நான் இன்னா சொல்றது, எனக்குத் தெரியுமா அந்தப் படிப்பு?"

"அந்த விடைக் காகிதத்த எடுத்துகினு வா" என்றாள் கமலம்.

தனக்கோடி வீட்டுக்கு ஓடி எடுத்து வந்தாள். கமலம் அச்சடித்த பக்கத்தை மடியில் விரித்து, ரசாயனத்தின் கடைசி எண்ணைப் பார்த்தாள். நூற்றுநாற்பத்தொன்பது. இந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. அச்சுக் கோத்தவன்தான் விட்டிருந்தான்.

"கேள்வி எத்தினி?"

"நூத்தம்பது அத்தை."

"விட எத்தினி?"

தனக்கோடி பார்த்தாள். பார்த்து எழுதியபோது அவள் கேள்வி எண்ணோடு ஒத்துப் பார்க்கவில்லை.

"அறுபத்திமூணுல ஒரு விட விட்டுப்போயிருக்கு. அதுக்குக் கீழ எல்லாம் ஒவ்வொண்ணு தள்ளிப் பாரு. அறுபத்திநாலாவது கேள்விக்கு இந்த அறுபத்திமூணாவது விட."

அந்தப் பெண் அங்கேயே மண்ணில் மண்டியிட்டு, நோட்டைப் புரட்டி, உதடு அசைய எண்ணத் தொடங்கினாள். ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எண்ண எண்ண அவள் குரல் மேலே ஏறியது. நூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு, மண் ஒட்டிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"எனக்குத் தெரியும் அத்தை. எல்லாம் எனக்குத் தெரியும்."

"தெரியுமில்ல, அப்புறம் இன்னாத்துக்கு இங்க உக்காந்துகினு கீற? போ, போய்ப் படி."

"ஆய்ஞ்சி முடிக்கணும் அத்தை. மழ வர்றாப்ல கீது."

"அத்த நான் ஆயறேன்."

சடையப்பன் "ஐயோ, வாணாம்மா" என்று கையெடுத்தார். கமலம் புடைவையைச் செருகிக்கொண்டு, தனக்கோடி எழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த வேலை பழக்கமில்லை. முதல் கூடை நிறைய நேரம் பிடித்தது. பக்கத்திலிருந்த கன்னியம்மா என்கிற கிழவி, காயைக் கொத்தாகப் பிடித்துக் கூடை விளிம்பில் எப்படி அடிப்பதென்று காட்டிக் கொடுத்தாள். இரண்டாம் கூடையில் கமலத்தின் விரல் வழிக்கு வந்துவிட்டது. நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்திருக்கும்போது, "பட்டு நூலு புடிக்கற கையாடி இது, எங்கள விட ஜாஸ்தி ஆய்ஞ்சிட்ட" என்று கன்னியம்மா சிரித்தாள். மேற்கே இடி இடித்தது. சடையப்பன் ஒரு மூட்டை பச்சை மல்லாட்டையை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

வீட்டில் அபிதா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா சொன்னா?"

"புஸ்தகத்துலயே தப்பு. உன்ன மாதிரியே அழுதுகினு கீறா."

அபிதா மூட்டையை உள்ளே தூக்கிப் போனாள். மல்லாட்டையை அவளே கழுவி உப்புப் போட்டு வேக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை, "நானும் வரேன்" என்று பெரணமல்லூருக்குக் கூடவே போனாள். தனக்கோடியும் வந்திருந்தாள். இருவரும் டீக்கடைக்குப் பின்னாலிருந்த புளிய மரத்தடியில் உட்கார்ந்து, அறுபத்துமூன்றாம் கேள்விக்கு விடை சி-யா டி-யா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் சி என்று முடிவாயிற்று.

தேர்வு வேலூரில் நடந்தது. இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுவிட்டு, வேறு வேறு அறைக்குப் போனார்கள்.

ஆடி மாதம் முடிவு வந்தது. தனக்கோடிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அபிதாவின் பெயர் மருத்துவத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. பெயர் இருக்கிறதே, கூப்பிடுவார்கள் என்று மாணிக்கவேல் வாத்தியார் தெம்பு சொன்னார். வீடு முழுக்க தபால்காரர் வரும் நேரத்துக்காகவே மூச்சு விட்டது. இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அதோடு பட்டியல் மூடிவிட்டது. ஆவணி பிறந்தபோது அபிதாவுக்கு வந்தது மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் கடிதம்.

பச்சையப்பன் கடிதத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். "எங்க பரம்பரையில காலேஜு வாசல மிதிக்கற மொத ஆளு. மாடா இருந்தா இன்னா, மனுஷனா இருந்தா இன்னா." தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் கமலம் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அபிதா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ தேசூருக்குப் போவாம இருந்திருந்தா, தனக்கோடி பரீட்சையே எழுதியிருக்க மாட்டா இல்ல?"

கமலம் முறத்தைக் கீழே வைத்தாள். "எழுதியிருக்க மாட்டா."

"அவ இல்லன்னா எம் பேரு ரெண்டாவதா வந்திருக்கும். ரெண்டு பேரக் கூப்ட்டாங்க."

"தெரியும். லிஸ்டு வந்த அன்னிக்கே கணக்குப் போட்டேன்."

மகள் திகைத்துப் பார்த்தாள். அம்மா அதை மழுப்புவாள், அப்படியெல்லாம் இல்லை என்று சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"உனக்கு வருத்தமா இல்லியா?"

"வயிறு எரிஞ்சிதுடி. பொய் சொல்ல மாட்டேன். மூணு நாளு சோறு எறங்கல. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னு நெனப்பேன், ஒடனே உன் மொகத்தப் பாப்பேன், மறுபடி எரியும்."

"அப்போ போவாம இருந்திருக்கலாம்னு தோணுச்சா?"

கமலம் யோசித்தாள். முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"போவாம இருந்து உனக்கு அந்த சீட்டு கெடச்சிருந்தா, நீ சந்தோஷமாப் படிச்சிருப்ப. உனக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. எனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்ச ஒரு பொண்ணு கொல்லியில மல்லாட்ட ஆய்ஞ்சிகினு கீறான்னு எனக்கு மட்டும் தெரியும். அத்த வெச்சிகினு நான் உன்ன எப்படிடி வாய் நெறைய டாக்டருன்னு கூப்புடுவேன்?"

அபிதா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவளே புடைத்தாள். உமி பறந்து இருவர் தலையிலும் படிந்தது.

"அன்னிக்கு வாசல்ல நின்னு போவாதன்னு சொன்னேன் இல்ல, அத்த அவகிட்ட சொல்லிட்டேன்."

"எப்ப?"

"வேலூர்ல, கட்டுச்சோறு தின்னும்போது."

"இன்னா சொன்னா?"

"நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்னு சொல்லிட்டு, அவ எலையிலேருந்து முட்டையத் தூக்கி எனக்குப் போட்டா."

கமலம் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்தது. உமி விழுந்துவிட்டது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அபிதா இன்னும் ஹாஸ்டலுக்குப் பெட்டிகூடக் கட்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு ராஜம்மாள் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"கமலம், உம் பொண்ணு மாட்டு டாக்டராமே? நேத்திலேருந்து இது தீனி எடுக்கல. கொஞ்சம் வந்து பாக்கச் சொல்லு."

"அவ இன்னும் படிக்கவே போவலியேக்கா!"

"லெட்டர் வந்துடுச்சில்ல?"

அபிதா கமலத்தைத் தாண்டி வெளியே வந்தாள். பசுவின் எதிரே போய் நின்றாள். என்ன செய்வதென்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, உப்பியிருந்த அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

"கடைசியா இன்னா தின்னுச்சி அத்தை?" என்று கேட்டாள்.